‘இ’ போட்ட தெரு

ஜனவரி 9

தம்பிக்கு,

உன் கையெழுத்தை எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அதை நீ முதன்முதலில் போட்டுப் பழகியதே என் கணக்கு நோட்டின் பின்னட்டையில்தான். கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு வால் இழுப்பாய். நாற்பது வயதாகியும் வாலை விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு வேக இணையம் எப்போது வரும் என்று கேட்டு உன் டெலிபோன் கம்பெனிக்கு நான்கு கடிதம் போட்டேன். நீ அங்கே வேலை செய்கிறாய் என்று உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. எல்லோரையும் போல வாடிக்கையாளர் எண்ணைக் குறிப்பிட்டு முறையாகத்தான் எழுதினேன். நான்காவதற்குப் பதில் வந்தது. “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.” அதோடு யாரோ ஒரு புண்ணியவான் தவறுதலாக இன்னொரு தாளையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பிவிட்டார். உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் சுற்ற வேண்டிய தாள். வரிசையாகத் தெருக்கள், பக்கத்தில் அ, ஆ, இ. எங்கள் தெருவுக்கு இ. அதற்கு நேரே, “வாடிக்கையாளருக்கு வேறு வழி: இல்லை. பணி: தேவையில்லை.” கீழே ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் வாலோடு உன் கையெழுத்து.

வேறு வழி இல்லை. அதனால் தேவையில்லை. இருபது தடவை படித்தேன்.

என் வேலை என்ன என்று உனக்கு மறந்திருக்கும். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயைக் கருவியால் படம் பிடித்து அனுப்புவார்கள். உடைந்த பல்லுக்குப் போட வேண்டிய உறையை நான் கம்ப்யூட்டரில் செதுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். நாலு வயதில் காய்ச்சலோடு காது போனதிலிருந்து ஊரார் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறேன். பிழைப்பும் வாய்க்குள்ளேயே அமைந்துவிட்டது. ஒரு வாயின் படம் இந்த லைனில் வந்து சேர ஒன்றரை மணி நேரம். தொண்ணூறு சதவீதத்தில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறி, எனக்கு வேலை கொடுக்கிற பல் கூடத்துக்குப் போய், பென் டிரைவில் வாங்கி வந்து, செய்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூடத்துக்காரர் போன வாரம் சொன்னார்: “நீங்க நல்லாதான் செய்றீங்க. ஆனா உங்களுக்காக எத்தனை நாள் டாக்டருங்கள காக்க வைக்கிறது?” இந்த வருஷக் கடைசி வரை பார்ப்பாராம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீயும் நானும் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று? எழுத்தில் இல்லை, கையால். வீடியோவில் நீ தூக்கிய கை தூக்கியபடியே நிற்கும். அது அசையும்போது நீ வேறு எதையோ சொல்லி முடித்திருப்பாய். காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் ஓடும். எனக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது. இந்த உலகத்தில் இது முதன்முதலில் தெரிந்தவன் நீ. கடைக்காரரிடம், வாத்தியாரிடம், டாக்டரிடம், எல்லாரிடமும் எனக்கு வாயாக இருந்தவன் நீ. தெரிந்துதானே போட்டாய் அந்த இ?

செல்பேசியில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு வரியில் சமாதானம் சொல்லித் தப்பிக்க விடமாட்டேன். இதற்குப் பதில் போடாதே. போட்டாலும் படிக்கப்போவதில்லை. முகவரி பின்னால் இருக்கிறது.

அக்கா

~

ஜனவரி 22

அக்காவுக்கு,

படிக்கப்போவதில்லை என்கிறவர் எதற்கு முகவரி எழுதுகிறார் என்று என் மனைவி சிரித்தாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்தத் தாள் உன் கைக்கு வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது, இனி மறைத்து என்ன? ‘அ’ என்றால் வேறு கம்பெனி ஏற்கெனவே வேக இணையம் கொடுக்கிற தெரு. நாங்களும் கொடுக்காவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். அதனால் உடனே தோண்டு. ‘ஆ’ என்றால் வேறு கம்பெனி வரக்கூடிய தெரு. ஒரு கண் வைத்திரு. ‘இ’ என்றால் யாரும் வரமாட்டார்கள். பழைய செப்புக் கம்பி எத்தனை மெதுவாக இருந்தாலும் அங்கே இருப்பவர்கள் எங்களிடம்தான் இருப்பார்கள். பிறகு எதற்குச் செலவு? இந்த மூன்று எழுத்தும் நான் வேலையில் சேர்வதற்கு முன்பே இருந்தன. எங்கள் மேலாளர் எதைக் கேட்டாலும் “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்பதால் அவருக்குக் காலண்டர் என்று பெயர். அவர் சொல்வார்: “பசிச்சவனுக்குத்தானேய்யா சோறு? நமக்குப் போட்டிதான் பசி.”

என் ஜன்னலுக்குக் கீழே ஒரு நடைபாதை. ஒரே வருஷத்தில் நான்கு கம்பெனிகள் நான்கு தடவை தோண்டின. அந்தத் தெருவில் மொத்தம் முப்பது வீடு. வாசலில் செருப்பு விடுவதற்குள் ஒருவன் வந்து, “எங்க லைனுக்கு மாறுங்க” என்று நோட்டீஸ் நீட்டுகிறான். உன் பக்கம் ஆயிரம் வீடு இருந்தும் எட்டிப் பார்க்க ஆளில்லை. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும்.

உன் தெருவைக் கவனிக்காமல் போட்டேன் என்று நினைக்காதே. அந்த வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் அக்கா அங்கே இருக்கிறாள் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. உனக்காக ஒரு எழுத்தை மாற்றினால், மீதி நானூறு தெருவில் இருக்கிற மற்றவர்களின் அக்காக்கள் என்ன பாவம் செய்தார்கள்? அப்படி நினைத்துத்தான் இ போட்டேன். அன்றைக்கு நேர்மை என்று தோன்றியது. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் அப்படித் தோன்றவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீயும் மாமாவும் இங்கேயே வந்துவிட்டால் என்ன? பஸ் டிரைவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி காலியாகிறது. லைன் பிரமாதமாக இருக்கும்.

தம்பி

~

பிப்ரவரி 10

தம்பிக்கு,

தாகம் எடுத்தால் கிணற்றுக்குள்ளேயே குடித்தனம் வைக்கச் சொல்வாய் போலிருக்கிறது. உன் மாமாவிடம் கடிதத்தைக் காட்டினேன். “உன் தம்பி நல்ல புள்ளதான். ஆனா ஊருன்னா அவனுக்கு மேப்பு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் எங்கேயும் வரவில்லை.

உன்னோடு சண்டை தீரவில்லை. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கதவைத் தட்டினாள். (கதவு தட்டினால் எரிகிற விளக்கு இன்னும் வேலை செய்கிறது, நீ மாட்டியதுதான்.) மஞ்சள் கோட்டு, முப்பதுகூட இருக்காது. புதுக் கம்பெனியாம். குனிந்து தாளைப் பார்த்தபடி மளமளவென்று ஏதோ பேசினாள். நான் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். பயந்துபோனாள் பாவம். பிறகு என் காதைத் தொட்டுக் காட்டியதும் புரிந்துகொண்டாள். உள்ளே உட்கார வைத்து நோட்டை நீட்டினேன்.

இந்தப் பகுதியில் நூற்றிருபது வீடு சேர்ந்தால் அவர்கள் கண்ணாடி இழைக் கம்பி இழுப்பார்களாம். “இதுவரை எத்தனை?” என்று எழுதினேன். “ஏழு” என்றாள். “எத்தனை நாளில்?” “மூணு வாரம்.” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நாற்பது வீட்டில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். சம்பளம் கிம்பளம் ஒன்றும் இல்லை. அவள் பேசித் தோற்ற இடத்தில் நான் பேசாமல் போய்ப் பார்க்கிறேன். பேச வந்தவளைக் கதவைச் சாத்தி அனுப்பிவிடலாம். எழுதிக் காட்டுகிறவளை அப்படி அனுப்ப முடிவதில்லை. படித்து முடிக்கும்வரை நின்றுதானே ஆக வேண்டும்? பாதிப் பேர் ஐயோ பாவம் என்று நாற்காலி போடுகிறார்கள். உட்கார்ந்த பிறகு நான் பாவம் இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

முதல் நாள் பதினொன்று.

அக்கா

~

மார்ச் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போகாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். ஏன் என்று யோசி. நான் எதிர்க் கம்பெனிக்காரன். எத்தனை வீடு சேர்ந்தது என்று நீ எழுதினால், தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறேன் என்று என் மேல் பழி வரும். சொன்னால், உன்னைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். தயவுசெய்து எண்ணிக்கை எழுதாதே.

இன்னொன்று. இந்த மாதிரிப் புதுக் கம்பெனிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆசை காட்டுவார்கள், ஆள் சேர்ப்பார்கள், ஒருநாள் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் மோசக்காரர்கள் என்று சொல்லவில்லை. கம்பி இழுக்கக் கம்பம் வேண்டுமே, அக்கா? உன் தெருவில் இருக்கிற கம்பம் ஒவ்வொன்றும் எங்களுடையது. அதில் தொங்கவிட எங்கள் அனுமதி வேண்டும்.

வீடு வீடாக நீ ஏறி இறங்கி, கடைசியில் அவள் வராமல் போனால் ஊர் உன்னைத்தான் கேட்கும். அதுதான் என் பயம்.

கதவு விளக்கின் பல்பை வருஷத்துக்கு ஒருமுறை மாற்று.

தம்பி

~

ஏப்ரல் 7

தம்பிக்கு,

எண்ணிக்கை எழுதவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு நர்ஸம்மாவை உனக்குத் தெரியாது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் அவர்தான் முறைத்தார். “இருக்கிற போனே இரைச்சல். இதுல புதுசு வேறயா?” என்று கேட்டவர், மகள் வயிற்றுப் பேத்தியை அந்தச் சின்னத் திரையில் இதுவரை முழு முகமாகப் பார்த்ததே இல்லை என்று நான் எழுதிக் காட்டியதும், நோட்டைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு அடுத்த வீட்டுக்கு வந்தார். ஊசி போட்ட கைக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். அவர் வந்த நாளெல்லாம் அமோகம்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் நாற்பது வீடு இருக்கிறது. அங்கேயும் போனோம். மஞ்சள் கோட்டுக்காரி, “அங்க வரைக்கும் இப்ப முடியாதுக்கா. முதல்ல இந்தப் பக்கம் வந்தா, அப்புறம் அங்க தொடலாம்” என்றாள். அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் மரச்சாமான் செய்கிறவர். ஆர்டர் பார்ப்பதற்காகத் தினமும் கால்வாய்ப் பாலத்தின் நடுவில் வந்து செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் உன் பட்டியலில் இ தானே?

எல்லாம் கூடி வந்தது. இப்போது அவள் மறுபடி கண்ணைக் கசக்குகிறாள். கம்ப அனுமதி கேட்டு ஐந்து மாதத்துக்கு முன்பே உன் கம்பெனிக்கு மனுக் கொடுத்துவிட்டார்களாம். அறுபது நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். பதில் இல்லை. “எந்த மேசையில கிடக்குன்னே தெரியலக்கா” என்றாள்.

எனக்கும் தெரியவில்லை.

அக்கா

~

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

என் மேசையில்.

வலது பக்கம், இரண்டாவது இழுப்பறை. மொத்தம் பதினான்கு மனு. உன் பகுதியுடையது அதில் ஒன்பதாவது. போன வருஷம் காலண்டர் சொன்னார்: “மறுக்காதே. மறுத்தா கோர்ட்டுக்குப் போவாங்க. வரிசைப்படி வரட்டும்.” வரிசை நகரவே இல்லை. நகராத வரிசைக்குக் காவல் நான். முந்தைய கடிதத்தில் கம்பத்தைப் பற்றி ஏதோ ஊர் நியாயம் போல உனக்கு எழுதினேனே, அப்போதே அது இந்த இழுப்பறையில்தான் இருந்தது. எழுதும்போது எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை நேற்று மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “நீங்க அவங்களுக்கு வாயா இருந்தீங்கன்னு முதல் கடிதத்துல எழுதியிருந்தாங்க. இப்ப என்னவா இருக்கீங்க?” என்று கேட்டாள்.

கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் உண்டு. யாருடைய சம்மதமும் தேவையில்லை. அதுதான் கஷ்டம். யாராவது தடுத்தால் அவர் மேல் பழியைப் போடலாம். கையெழுத்துப் போட்டால் இங்கே என் கதி என்ன என்று தெரியும். குழந்தை ஆகஸ்டில் பிறக்கப்போகிறது. இதை உனக்கு இப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டது. நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. நீ செய் என்று சொன்னால் செய்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

தம்பி

~

ஏப்ரல் 27

என் தம்பிக்கு,

குழந்தை! உன் மாமா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் அத்தையாகப் போகிறேன் என்று நர்ஸம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். செய் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை. இழுப்பறையில் வைத்துக்கொண்டே கம்பத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தாயே என்று ஒருநாள் முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லை மூன்று தடவை தப்பாகச் செதுக்கினேன். ஆனால் உன் சோற்றில் நான் மண் போட மாட்டேன். கூடத்துக்காரர் என்னை விட்டுவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்வேன். பல் செய்யத் தெரிந்தவளுக்குப் பொம்மை செய்ய வராதா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் பட்டியலில் இ போடும்போது, அக்கா இருக்கிறாள் என்று பார்க்காமல் போட்டேன், அதுதான் நேர்மை என்று எழுதினாய். சரி. இப்போதும் அக்கா இருக்கிறாள் என்று பார்க்காதே. அந்தப் பதினான்கையும் எடுத்து, யாருடையது என்று பார்க்காமல், விதி என்ன சொல்கிறதோ அதன்படி செய். எனக்காக வளையாதவன் உன் கம்பெனிக்காகவும் வளையாமல் இருந்தால் போதும். அதற்குப் பிறகும் எனக்கு லைன் வரவில்லை என்றால், உன் மேல் கோபம் இருக்காது.

உன் மனைவியை நன்றாகப் பார்த்துக்கொள். படி ஏறி இறங்க விடாதே.

அக்கா

~

ஜூன் 9

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுப் பெட்டி இல்லை, மேசைப் பெட்டி.

மே மாதம் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை காலை, இழுப்பறையைத் திறந்தேன். பதின்மூன்று மனுவைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் படித்து, விதிப்படி இருந்த பன்னிரண்டுக்கு அனுமதி போட்டேன். ஒன்றில் கம்பத்தின் எடைக் கணக்குத் தப்பு, திருத்தச் சொல்லித் திருப்பினேன். மீதி இருந்த ஒன்று உன் தெருவுடையது. அதைத் தொடவில்லை. ‘இந்தப் பகுதியில் என் சகோதரி வசிக்கிறார்’ என்று மேலே எழுதிப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைப் படித்தார். கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நான் அவருக்குக் கடன்பட்டவன்.

மதியமே காலண்டர் கூப்பிட்டுவிட்டார்.

“என்னய்யா இது, ஒரே நாள்ல இத்தனை?”

“அறுபது நாள் கெடு சார். எல்லாமே தாண்டிடுச்சு.”

“தாண்டினா யாரு கேட்டா?”

“யாரும் கேக்கலை சார். அவங்களுக்கு யார கேக்கணும்னே தெரியலை.”

“உங்க அக்கா தெருவும் இதுல இருக்காமே?”

“இருக்கு சார். அத நான் போடலை. மேல எழுதியே கொடுத்திருக்கேன்.”

மனுக்கட்டின் மேல் பேப்பர் வெயிட்டை எடுத்து வைத்தார். பிறகு, “அடுத்த மாசம் பேசலாம்” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அடுத்த மாதம்வரை காத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே உத்தரவு வந்துவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து வெளிவேலைக்கு மாற்றம். இனி நான் திட்டம் போடுகிறவன் இல்லை. திட்டத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் கம்பத்துக்குக் கம்பம் அளக்கிறவன். சம்பளம் அதேதான், பயப்படாதே. நாற்காலிதான் போயிற்று.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் கிளம்புவதற்குள் ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுமதி கொடுத்த அத்தனை பகுதியிலும் எதிரி வரப்போகிறான், அதனால் எல்லாவற்றையும் ‘அ’ ஆக்கு என்று. உன் தெருவுக்கு எதிரே இருந்த இ எழுத்தைப் பக்கத்து மேசைக்காரர் அடித்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஆறு வருஷமாகத் தேவையில்லாதது ஆறே நாளில் அவசரமாகிவிட்டது.

அதனால் எங்கள் ஆட்களும் உன் தெருவுக்கு வருவார்கள். இது ரகசியம் இல்லை, விளம்பரத்திலேயே இருக்கிறது, அதனால் சொல்கிறேன்: முதல் வருஷம் பாதி விலை என்று பெரிய எழுத்தில் இருக்கும். மூன்று வருஷம் விலகக் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். எல்லாரும் அதில் விழுந்தால் மஞ்சள் கோட்டுக்காரி மூட்டை கட்டிவிடுவாள். அதன் பிறகு என்ன நடக்கும் என்று நான் சம்பளம் வாங்குகிற இடத்தைப் பற்றி நானே எழுதக் கூடாது. பொடி எழுத்தைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வெயிலில் கறுத்துவிட்டேன். ஆனால் ஒன்று. நேற்று ஒரு வீட்டு வாசலில் அளந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “எங்க வீட்டுக்குமா வருது?” என்று கேட்டார். என் வரைபடத்தில் அவர் ஒரு புள்ளி. பத்து வருஷமாகப் புள்ளி வைத்திருக்கிறேன், ஒரு புள்ளியும் இதுவரை எனக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை.

தம்பி

~

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

முதலில் உன் சேதி. பெண் குழந்தை என்ற தந்தி மாதிரி ஒரு வரி அட்டை வந்தது. உன் மனைவி எழுதியது. நீ எங்கே போனாய்? தாயும் பிள்ளையும் நலம் என்று அவள் எழுதியதால் மன்னித்தேன்.

இனி என் சேதி. திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னால் இருக்கிற கம்பத்தில் இரண்டு ஏணி! ஒரு பக்கம் மஞ்சள் கோட்டு ஆட்கள், இன்னொரு பக்கம் உன் ஆட்கள். யார் முதலில் ஏறுவது என்று கீழே நின்று ஒரே சத்தம். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்த வாய்களைப் படித்தேன். இரண்டு கெட்ட வார்த்தை புதிதாகக் கற்றுக்கொண்டேன். கடைசியில் உன் ஆளின் ஏணி வழுக்கியது. மஞ்சள் கோட்டு ஆள் பாய்ந்து பிடித்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் என் வீட்டுத் திண்பண்டத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவன் ஏற ஒருவன் ஏணியைப் பிடித்தான்.

செவ்வாய்க்கிழமை உன் கம்பெனி விற்பனைக்காரர் வந்தார். பாதி விலை. ஜனங்கள் வழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நர்ஸம்மா தன் முன்னறையில் எல்லாரையும் கூட்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்தார். நான் பக்கத்தில் நின்று முகங்களைப் பார்த்தேன். ‘மூன்று வருஷம்’ வந்த இடத்தில் எல்லா முகமும் ஒன்றாக மாறியது.

நர்ஸம்மா விற்பனைக்காரரிடம் கேட்டார். “இந்த வரிய எடுத்துட்டு வாங்க. பாதிப் பேர் உங்ககிட்ட வர்றோம்.”

“அது கம்பெனி விதிங்கம்மா. மாத்த முடியாது.”

“அப்படியா? அந்தப் பொண்ண வரச் சொல்றேன். அவ கம்பெனியில அந்த விதி இல்லையாம்.”

அவர் வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். வியாழக்கிழமை புதுத் தாள் வந்தது. மூன்று வருஷம் இல்லை. தெரு இரண்டாகப் பிரிந்து, பாதி அங்கே, பாதி இங்கே. இரண்டு பேரும் இருக்கட்டும் என்று நாங்கள் பேசிவைத்துச் செய்ததுதான். நான் மஞ்சள் கோட்டுக்காரியோடு. வருத்தப்படாதே, உன் மாமா உன் கம்பெனியில் கேட்கலாமா என்றார், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் போக இன்னும் ஏழு கம்பம் நட வேண்டுமாம். மஞ்சள் கோட்டுக்காரி அதை வாசலில் நின்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் கம்பெனி ஆள் காதில் விழுந்துவிட்டது. இன்று காலை இரண்டு கம்பெனியும் நாடா பிடித்துப் பாலத்தின் மேல் அளந்துகொண்டிருந்தார்கள். மரச்சாமான்காரர் நடுவில் நிற்க இடமில்லாமல் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்கு லைன் சனிக்கிழமை. உன் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணி. குழந்தையையும் கொண்டு வா.

அக்கா

~

ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

இரண்டு மணி நேரம் பேசியது போதாதா, கடிதம் எதற்கு என்பாய். பேசும்போது சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

முதலில் வேலை. ஒரு வாயின் படம் நாற்பது நொடியில் வந்துவிடுகிறது. காப்பி கலப்பதற்குள் வந்துவிடுவதால் காப்பியே குடிக்க முடியவில்லை. கூடத்துக்காரர் இன்று மட்டும் ஆறு பல் அனுப்பினார். பஸ் பாஸைப் புதுப்பிக்கவில்லை என்று சொன்னதும் உன் மாமாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அவர் ஓட்டுகிற பஸ்ஸில்தானே போய் வந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் நீ. திரை தெளிந்ததும் இரண்டு பேரும் கையைத் தூக்காமல் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம், பார்த்தாயா? உன் மாமா பின்னால் நின்று, “பேசுங்களேன், லைன் ஓடுதுல்ல!” என்று கத்தியதாகப் பிற்பாடு சொன்னார். உனக்கு முன்தலை நரைத்திருக்கிறது. எழுத்தில் நரை தெரிவதில்லை.

நீ முதலில் சொன்னது என்ன தெரியுமா? மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாய். அதற்கு உள்ளங்கையால் உள்ளங்கையைத் துடைக்க வேண்டும், சிலேட்டை அழிக்கிற மாதிரி. நாமே உண்டாக்கிய சைகை. நீ முட்டியை மடக்கித் தேய்த்தாய். அது சோப்பு. மன்னிப்புக் கேட்கிறாயா, அக்காவுக்குச் சோப்புப் போடுகிறாயா என்று நான் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாயே, அந்தச் சிரிப்பு ஒரு இடத்தில்கூட நிற்காமல் முழுசாக வந்தது. வாய் திறந்தது முதல் கண்ணைத் துடைத்தது வரை. உன் மேல் பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கிறது. டாக்டரிடம் போ. படத்தை எனக்கு அனுப்பச் சொல்.

உன் மனைவி குழந்தையின் விரலைப் பிடித்து என் பெயரின் சைகையைக் காட்ட முயன்றாள். பிறந்து சில நாளே ஆன கை, அது பாட்டுக்கு மூடிக்கொண்டது. போகட்டும், பழகிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. நீ குழந்தையைத் தூக்கிக் காட்டி, “அத்தை” என்று ஒரு கையால் சொன்னாய். அப்போது திரையில் அந்தக் கை விட்டுவிட்டு நடுங்கியது. போச்சு, மறுபடி பழைய கதைதான் என்று எரிச்சலோடு எழுந்து சுவரோரம் இருந்த பெட்டியைத் தட்டப்போனேன். திரும்பிப் பார்த்தால், உன் மனைவி பக்கத்தில் வந்து உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் நின்றுவிட்டது.

லைனில் ஒரு கோளாறும் இல்லை, தம்பி.

அக்கா